குப்பை அடித்த நிலம்

கார்த்திகையில் காகிதம் காய்வதில்லை.

வங்கியில் இயந்திரம் நறுக்கிப்போடும் தாள்கள் சேமியா மாதிரி நீளநீளமாக மூட்டையில் வரும். வெயில் காலத்தில் பிரித்தால் சரசரக்கும். மழைக்காலத்தில் அதே மூட்டை ஊறின துணியின் வாடை அடிக்கும். ஜ்வாலாமாலினி அதைக் கொட்டகைக்குள் தார்ப்பாயில் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, காயப்போட்ட நெல்லைக் கிளறுவதுபோலக் கிளறிக்கொண்டிருந்தாள். ஸ்டேப்ளர் பின்கள் காந்தத்தில் சிலிர்த்துக்கொண்டு நின்றன. வழித்து ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டாள். முதுகை நிமிர்த்தினாள். மறுபடி குனிந்தாள். பெயர் நீளம் என்பதால் எல்லோருக்கும் அவள் மாலினி.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே உள்ளடங்கி இருந்தது ஊர். மாலினியின் புருஷன் வீரேந்திரன், ஒரு தனியார் வங்கியின் குப்பையை எடுக்கும் காண்ட்ராக்ட் வைத்திருந்தான். திண்டிவனம் தொடங்கி விழுப்புரம் வரைக்கும் உள்ள கிளைகள், விழுப்புரத்தில் இருக்கும் மண்டல அலுவலகம், எல்லாம் அவன் கணக்கில். ஒரு குட்டி யானை வண்டி, அதை ஓட்ட தமிழ்மணி, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. அவனுடைய அண்ணன் ஜீவராஜ் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதே வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவான அரைக்காணி நிலத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். வருஷாவருஷம் அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை.

வங்கிக்காரர்கள் குப்பையை மூன்று நிறமாகப் பிரித்தார்கள். காகிதம் நீலம். அது வியாபாரியின் வழியாக அட்டை செய்யும் ஆலைக்குப் போகும். கேன்டீனில் மிஞ்சும் சோறும் காய்த்தோலும் பச்சை. மண்டல அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு இயந்திரம் அதை மரத்தூளோடு கிண்டிக் கிண்டிக் காப்பித்தூள் நிறத்தில் எருவாக்கித் தரும். அதற்குக் கம்போஸ்ட் என்று பெயர். இரண்டிலும் சேராதது கருப்பு. பழைய ஏ.டி.எம். கார்டு, கவுன்ட்டர் போர்டு, பேனா, பிளாஸ்டிக் உறை. வங்கியின் பெயரோ யாருடைய எண்ணோ முழுசாக வெளியே போய்விடக் கூடாது என்று அதையும் சில்லுசில்லாக உடைத்துத்தான் மூட்டை கட்டுவார்கள். இந்த வருஷம் கருப்பே இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன மாசத்திலேயே ஒரு கிளையை இடித்துப் புதுசாக்கினார்கள். கருப்பு மூட்டைகள் மலை மாதிரி குவிந்தன.

மாலினி பின் பொறுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கு வீரேந்திரன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஜீவராஜுக்குக் கண்புரை. வராந்தாவில் சாரல் அடிக்காத மூலையில் நின்று தமிழ்மணிக்குப் போன் போட்டான்.

"எங்க இருக்கற?"

"விழுப்புரந்தான் நயினாரே. ஆபீசுக்குப் பின்னால நின்னுக்கினு இருக்கிறேன். மழ ஒரு பாட்டம் ஊத்திட்டுப் போயிருக்குது, இன்னொண்ணு வரும்போல."

"குப்பைய ஏத்திக்கினியா?"

"ஏத்திக்கினுதான் இருக்கிறேன். ரெண்டு நடை ஆவும்."

"ஏத்திக்கினு நேரா நம்ம நெலத்துக்குப் போயிடு. கொட்டி எறைச்சி உட்டுடு. பெரியதம்பிகிட்ட சொல்லிட்டேன், டிராக்டரோட வருவாரு. சாயங்காலத்துக்குள்ள ஓட்டிடணும். ஈரம் போறதுக்குள்ள மல்லாட்டை போடணுமில்ல."

"நெலத்துக்கா நயினாரே?"

"நெலத்துக்குத்தான். ஏன், சேறா இருக்குதா?"

"இல்ல, வண்டி போவும். சரி, நீங்க சொன்னா சரி."

"அண்ணனை உள்ள கூப்புடுறாங்க. வெக்கிறேன்."

அவ்வளவுதான் பேசினார்கள்.

ஜீவராஜுக்கு அறுவையைவிடச் சாப்பாடுதான் கவலை. அந்த வீட்டில் பொழுது விழுந்தால் அடுப்பு இல்லை. இருட்டில் எந்த உயிர் விழுந்து சாகும் என்று தெரியாது என்பதால், நயினார் வீடு என்று ஊர் சொல்லும் சமண வீடுகளில் அப்படி. வீரேந்திரன் மட்டும் வண்டித் தொழிலுக்கு வந்த பிறகு அதை விட்டுவிட்டான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி தோசை சாப்பிடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஜீவராஜ் ஒரு நாளும் மாறவில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்து, "வெளியில இன்னும் வெளிச்சம் இருக்குதாடா?" என்று கேட்டார்.

"இருக்குது. இந்தா, பன்னு."

"நெஜமா இருக்குதா? நான் பாக்கலைன்னு ஏமாத்தாத."

"மேகமா இருக்குது. ஆனா பொழுது விழல."

ஜீவராஜ் பன்னைப் பிய்த்துப் பாலில் நனைத்து அவசரமாகத் தின்றார். மறுநாள் கட்டைப் பிரித்துக் கருப்புக் கண்ணாடி கொடுத்தபோது நர்ஸ் சொன்னாள்: "குனியக் கூடாது, தாத்தா. தூசி படக் கூடாது. தலைக்கு ஊத்திக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் பட்டா அங்கங்க மினுமினுன்னு தெரியும், பயந்துடாதீங்க."

"இத்தினி நாளு மூட்டமா இருந்துதும்மா. மினுக்கினா நல்லதுதானே."

"அதுவா போயிடும்."

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விளம்பரப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். திண்டிவனம் வந்ததும், "குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"நேத்தே அடிச்சாச்சி. பெரியதம்பி ஓட்டியும் உட்டுட்டாரு."

"மாடு வித்ததுலருந்து அந்த நெலம் குப்பையே பாக்கலடா. பாவம், வெறும் உப்ப தின்னுக்கினு கெடந்துது." யூரியாவைத்தான் அப்படிச் சொன்னார். "இந்த வருசம் மல்லாட்டை நல்லா எறங்கும் பாரு."

வீட்டுக்கு வந்து அண்ணனை உள்ளே படுக்கவைத்துவிட்டு வீரேந்திரன் கொட்டகைக்குப் போனான். வாசலில் வெள்ளைக் கோணிகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தான். காப்பித்தூள் நிறம். புளித்த மாவின் வாசனை. தமிழ்மணி வண்டிக்கடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது இன்னா தமிழ்மணி?"

"கம்போஸ்ட்டு நயினாரே. காலைல ஏத்தியாந்தேன். இத எங்க போடறது?"

"அப்ப நெலத்துல அடிச்சது?"

"குப்பை. நீங்கதான சொன்னீங்க."

வீரேந்திரன் மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினான். கட்டிய பிறகுதான் உட்கார்ந்தான்.

அவன் வீட்டில், அந்த ஊரில், குப்பை என்றால் மாட்டுச் சாணமும் சாம்பலும் மக்கிய எரு. கேட்டு வாங்குகிற பொருள். விதைக்கும் முன்னால் குப்பை அடிக்காதவனைச் சோம்பேறி என்பார்கள். தமிழ்மணி விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குக் குப்பை என்றால் வீசி எறிகிறது. இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போய் வந்தும் இந்தச் சொல் அவர்கள் நடுவில் ஒரு தடவைகூட இடறியதில்லை. கொட்டகையில் எப்போதும் நீலம், பச்சை, கருப்பு என்றே பேசிப் பழகியிருந்தார்கள்.

"கருப்பையா கொட்டின?"

"ஆமா. ரெண்டு நடையும்."

"ஏன்டா, சொந்த நெலத்துல எவனாச்சும் அதக் கொட்டுவானா?"

"நானும் அதான் நெனைச்சேன். முனிசிபாலிட்டிக்காரன் வாணாம்னுட்டான், மேல ஆபீசுல கருப்பு இருக்கக் கூடாதுன்றான், பாவம் நயினாரு வேற வழியில்லாம சொந்த நெலத்துல பொதைக்கிறாருன்னு நெனைச்சிக்கினேன். கொட்டும்போது மனசே சரியில்ல. ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே. நெலத்துக்கான்னு கேட்டேன். ஆஸ்பத்திரில இருக்கிற மனுசன இன்னும் பேஜாரு பண்ண வேணாம்னு உட்டுட்டேன்."

இரண்டு பேரும் நிலத்துக்குப் போனார்கள். மழை விட்டு, மண் கறுத்துக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக உழுத கொல்லை. வரப்பில் ஏறியதும் தெரிந்தது. டிராக்டரின் சுழல் கத்தி எல்லாவற்றையும் மண்ணோடு மண்ணாக அரைத்துக் கலந்திருந்தது. நீலச் சில்லு, வெள்ளைச் சில்லு, கார்டில் ஒட்டும் தங்க நிறப் பொட்டு, ஸ்பிரிங், பேனா மூடி. வீரேந்திரன் ஒரு பிடி மண்ணை அள்ளினான். உள்ளங்கையில் என்னவோ குத்தியது.

அந்தப் பக்கம் டிராக்டரில் போன பெரியதம்பி நிறுத்தினார். "இன்னா நயினாரே, நல்லா ஓடியிருக்குதா?"

"பாத்துட்டுத்தான் ஓட்டினீங்களா?"

"பாத்தேன். குப்பைய கலக்கச் சொன்னீங்க, கலக்கினேன். இப்பல்லாம் எல்லாக் கொல்லையிலயும் டவுனு குப்பைதான வருது. எங்க பாத்தாலும் கேரி பேக்கு. மழ வேற ஜல்தி ஜல்தின்னு தொரத்துது, நான் யாரன்னு கேக்கறது?"

அவரைச் சொல்லிப் பயனில்லை. அவர் போய்விட்டார்.

"எரிச்சிடலாமா?" என்றான் தமிழ்மணி.

"மண்ண எப்பிடிடா எரிப்ப?"

அன்றைக்கிருந்து வீரேந்திரனும் மாலினியும் வண்டி வேலை முடிந்ததும் நிலத்துக்குப் போய்ப் பொறுக்கினார்கள். ஜீவராஜிடம், "கொல்லையில கோரை மண்டிக் கெடக்குது, புடுங்கிட்டு வர்றோம்" என்று சொன்னார்கள். மாலினி காந்தக் குச்சியையும் எடுத்துப்போனாள். ஸ்பிரிங்குகள் ஒட்டின. சில்லுகள் ஒட்டவில்லை. சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள், ஈர மண் அப்பிக்கொண்டது. கடைசியில் கை ஒன்றுதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, ஒரு கோணி நிறையும்போது திரும்பிப் பார்த்தால் பாய் விரிக்கிற இடம்தான் சுத்தமாகியிருக்கும். அதிலும் மறுநாள் ஒரு தூறல் போட்டால் அடியிலிருந்து புதுசாக நாலு மேலே வரும்.

மழைக்கு மண்புழுக்கள் நெளிந்தன. மாலினி சில்லைப் பொறுக்குவதா, புழுவை ஒதுக்குவதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"மாமாகிட்ட சொல்லிடுங்க," என்றாள் ஒரு நாள்.

"கண்ணு ஆறட்டும்."

"ஆறினா அவரே பாத்துப்பாரு."

"அதுக்குள்ள பொறுக்கிடலாம்."

மாலினி கொல்லையின் அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கத்தான் போனாள், முடியவில்லை. "இத்தப் பொறுக்கி முடிக்கறதுக்குள்ள ஈரமும் போயிடும், பட்டமும் போயிடும். மல்லாட்டை புடுங்கறப்ப பொம்பளைங்க கைய உள்ள உடுவாங்க. யாரு கை கிழியுமோ. மாமா இல்லாதப்ப செஞ்ச தப்பு, மாமாகிட்ட சொல்லாம இருக்கறது இன்னொரு தப்பு."

"சொன்னா இந்தக் கண்ணோட இங்க வந்து குனிஞ்சிக்கினு நிப்பாரு. நர்ஸம்மா இன்னா சொன்னாங்க? குனிஞ்சா போச்சுன்னாங்க."

மாலினி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "வாங்க, பொழுது சாயுது. அவரு காத்துக்கினு இருப்பாரு" என்று எழுந்தாள். வீட்டில் ஜீவராஜ் கருப்புக் கண்ணாடியோடு முற்றத்தில் உட்கார்ந்து, மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். கேப்பை அடையும் முருங்கைக்கீரையும் மல்லாட்டைச் சட்னியும். மூன்று பேரும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடுவார்கள். "கோரை அவ்ளோவா இருக்குது?" என்று அவர் கேட்பார். "ம்" என்பான் வீரேந்திரன்.

அந்த வாரத்தில்தான் சகாய பிரவீனிடமிருந்து போன் வந்தது. மண்டல அலுவலகத்தில் குப்பைக் கணக்கைப் பார்ப்பவன் அவன். சின்ன வயசு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட மேலிடத்துப் போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை என்று வீரேந்திரனிடம் குறைப்பட்டுக்கொள்வான்.

"அண்ணா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்த மாசம் கருப்புல ஒண்ணுமே இல்ல. கம்போஸ்ட்டு எகிறிக்கினு போயிருக்குது."

"எப்பிடி சார்?"

"கேட்ல தமிழ்மணி, நெலத்துக்குப் போவுதுன்னு சொல்லி இருக்காரு. செக்யூரிட்டி அத்த எரு கணக்குல போட்டுட்டாரு. அவ்வளவு எரு நம்ம மெஷின்ல வந்துச்சான்னு எனக்கே ஆச்சரியம். சரி, வந்திருக்குதே."

வீரேந்திரன் வாயைத் திறந்தான். பிரவீன் விடவில்லை.

"கேளுங்கண்ணா. அடுத்த வருசத்துக்கு எல்லாக் கிளையும் ஒரே சென்னை கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு பேசிக்கினு இருக்காங்க. நான்தான் மல்லுக்கட்டிக்கினு இருக்கிறேன், எங்க ஆளு நல்லாப் பண்றாருன்னு. ஒரே ஒரு போட்டோ போதும். விவசாயி, நெலம், கையில நம்ம எரு. மண்ணுல எதையும் பொதைக்கல, மண்ணுக்குத் திருப்பிக் குடுத்தோம்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுவேன். காண்ட்ராக்ட் உங்க கைய உட்டுப் போவாது. நெலம் யாரு பேருல இருக்குது?"

"அண்ணன் பேருலயும் என் பேருலயும்."

"பெரியவரே நிக்கட்டும். நரைச்ச முடி, நல்லா இருக்கும்."

போனை வைத்த பிறகு வீரேந்திரன் தமிழ்மணியைப் பார்த்தான். தமிழ்மணிக்கு வேறு வண்டியில்லை. மாலினி காந்தத்திலிருந்து பின்களை வழித்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் போனால் இந்தக் கொட்டகையில் மிச்சம் இருப்பது அந்தக் காந்தம்தான். மறுநாளிலிருந்து நிலம் முழுக்கப் பொறுக்குவதை விட்டுவிட்டு, சாலையோரத்து மூலையை மட்டும் பொறுக்கினார்கள். மேலே ஒரு கோணி கம்போஸ்ட்டைத் தூவினார்கள். மாலினி காலிக் கோணியை உதறி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பிரவீன் மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் ஒரு மீட்டிங், திண்டிவனத்தில் ஒரு மீட்டிங் என்று வெயில் சாய்கிற நேரத்துக்கு வந்தான். பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "காலைலருந்து டீதாண்ணா" என்றான். மாலினி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வீட்டில் அடையைச் சுட்டு மூடிவைத்துவிட்டு வந்திருந்தாள். படம் எடுத்ததும் போய்ச் சாப்பிட்டுவிடலாம் என்று கணக்கு.

ஜீவராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, கருப்புக் கண்ணாடியோடு, சுத்தமான மூலையில் வந்து நின்றார். அறுவைக்குப் பிறகு நிலத்துக்கு வருவது அன்றைக்குத்தான். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "ஈரம் இன்னும் இருக்குது" என்றார். வீரேந்திரன் அவர் இரண்டு கைகளிலும் கம்போஸ்ட்டை அள்ளி வைத்தான். அவர் முகர்ந்தார்.

"மாட்டுக் குப்பை வாசனை இல்லடா இதுல."

"பேங்க் எருங்க ஐயா," என்றான் பிரவீன். "கொஞ்சம் சிரிங்க."

"எதுக்குத் தம்பி?"

"சும்மா."

"சும்மா சிரிச்சா ஊருல என்ன சொல்லுவாங்க?"

தமிழ்மணிதான் சிரித்தான். பிரவீன் போனைத் தூக்கிப் பார்த்து, இறக்கினான். "ஐயா, ஒரு நிமிசம் கண்ணாடியைக் கழட்டிக்கிறீங்களா? மொகமே தெரியல."

"கழட்டக் கூடாது சார்," என்றான் வீரேந்திரன்.

"ஒரு நிமிசந்தானடா." ஜீவராஜ் கையிலிருந்ததை ஒரு கைக்கு மாற்றி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரவீன் எடுத்தான். இன்னொன்று எடுத்தான். பிறகு சிக்னல் தேடி வரப்பில் நடந்தான்.

பொழுது பெருமுக்கல் மலைக்கு மேலே நின்றது. அந்த வெயில் நிலத்தில் படுக்கைவாட்டாக விழுந்தது. அவர்கள் பொறுக்காத அத்தனை இடமும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நீலமாக, வெள்ளையாக, தங்கமாக, மறு வரப்பு வரைக்கும்.

ஜீவராஜ் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீரா."

"இன்னாண்ணா?"

"அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்டா. மினுக்குது." அவர் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்துப் பார்த்தார். "வீட்டுல இருக்கறப்ப இவ்ளோ இல்ல. இங்க வந்தா நெலம் பூராவும் மினுக்குது. நல்லாத்தான் இருக்குது பாக்கறதுக்கு. அதுவா போயிடும்னுச்சே, போவட்டும்."

"போயிடுச்சிண்ணா," என்றான் பிரவீன் வரப்பிலிருந்து. போட்டோ போய்ச் சேர்ந்ததைத்தான் சொன்னான். "ஓக்கேன்னு பதிலே வந்துடுச்சி. இனிமே கவலையில்ல."

தமிழ்மணி மூச்சை விட்டான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியை மாட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும். வீரேந்திரன் மாலினியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, மலைக்கும் பொழுதுக்கும் நடுவில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது போவாதுண்ணா," என்றான் வீரேந்திரன்.

"எது?"

"மினுக்கறது. அது உன் கண்ணு இல்ல. நெலந்தான்."

ஜீவராஜ் புரியாமல் அவன் பக்கம் திரும்பினார்.

"எரு இல்லண்ணா அன்னிக்குக் கொட்டினது. பேங்க்குல ஒடைச்சிப் போட்ட பிளாஸ்டிக்கு. நான் குப்பைன்னு சொன்னேன், தமிழ்மணி அத்த ஏத்தியாந்துட்டான். ஓட்டிட்டோம். கோரைன்னு சொன்னதெல்லாம் இத்தப் பொறுக்கத்தான்."

வரப்பில் பிரவீன் நின்றுவிட்டான். "அண்ணா, நான் அனுப்பிட்டேனே," என்றான். போனை ஒரு தடவை பார்த்தான். அதில் சிரிக்காத பெரியவர் கைநிறைய எருவோடு நின்றார்.

ஜீவராஜ் கையிலிருந்த கம்போஸ்ட்டைக் கீழே விட்டார். மெதுவாகக் காலை மடக்கினார்.

"மாமா, குனியக் கூடாதுன்னாங்க."

"குனியல. உக்கார்றேன்."

முதுகை நேராக வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, பார்க்காமலே கையால் மண்ணைத் தடவினார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீலத் துண்டு அகப்பட்டது. ஏதோ கவுன்ட்டரில் தொங்கின போர்டு. அதைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் கொண்டுவந்தார். கட்டை விரலால் மண்ணைத் துடைத்தார்.

"அடுத்த," என்று படித்தார். திருப்பிப் பார்த்தார். "அடுத்தன்னு போட்டிருக்குது. அதுக்கு மேல ஒடைஞ்சிருக்குது."

வீரேந்திரன் நின்றபடியே இருந்தான்.

"எழுத்து நல்லாத் தெரியுதுடா வீரா," என்றார் ஜீவராஜ். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பிறகு, "கோணி கொண்டாந்திருக்கியாம்மா?" என்று மாலினியைக் கேட்டார்.

மாலினி இடுப்பில் சொருகியிருந்த கோணியை எடுத்து உதறி அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அந்தத் துண்டை அதில் போட்டார். அவர் கைக்கு எட்டியவரைக்கும் பொறுக்கினார், எட்டாததற்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தார். வெள்ளைச் சட்டை சேறானது. வீரேந்திரன் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். தமிழ்மணி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். பிரவீன் காலடியில் கிடந்த ஒரு சில்லைக் குனிந்து எடுத்தான். அதில் வங்கியின் சின்னம் பாதி இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு பைக்கை உதைத்துக் கிளப்பினான். சத்தம் சாலை வரைக்கும் கேட்டது.

"பொழுது போவுதுங்க மாமா. சாப்புட்டுடலாம் வாங்க," என்றாள் மாலினி.

"தோ, இந்த எடம் ஆயிடட்டும்."

அந்த இடம் ஆனதும் அடுத்த இடம் இருந்தது. மலைக்குப் பின்னால் சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. மினுக்குவது ஒவ்வொரு பக்கமாக அணைந்து, கடைசியில் எது மண் எது சில்லு என்று விரல் மட்டுமே சொன்னது. அதன் பிறகுதான் எழுந்தார்கள்.

வீட்டில் மூடிவைத்த அடை ஆறியிருந்தது. ஜீவராஜ் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணில் மருந்தை விடச் சொல்லிவிட்டு, படுத்துக்கொண்டார். மாலினி தண்ணீர்க் குடத்தைத் துணி கட்டி மூடினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு விதி எதுவும் இல்லாத வீரேந்திரன் அடுப்படிக்குப் போய், அடையை மூடியிருந்த தட்டை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு சாப்பிடாமல் அடையின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான்.